பெரிய நோட்டைச் சில்லறையாக்கிய லேக்கர்ஸ்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2022-23 சீசனில் ஒரு அணியின் சம்பள வரம்பு 123.655 மில்லியன் டாலர். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் லெப்ரான் ஜேம்ஸுக்கு 44.5 மில்லியன், ஆன்டனி டேவிஸுக்கு 38 மில்லியன், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கு 47 மில்லியன். மூவரைக் கூட்டினாலே 129 மில்லியனைத் தாண்டிவிடுகிறது. மற்றவர்கள் எல்லாரும் வரம்புக்கு மேலே, விதிவிலக்குகளில் புகுந்து வந்தவர்கள். பாதிப் பேர் குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள். அந்த மூவரில் அதிகம் வாங்கியவர் அக்டோபர் கடைசியிலிருந்தே பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடிக்கொண்டிருந்தார்.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. 12 ஆட்டம் முடிந்தபோது 2 வெற்றி, 10 தோல்வி. பிப்ரவரி 7 அன்று ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக லெப்ரான், கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிச் சாதனையைத் தாண்டினார். உலகமே எழுந்து கைதட்டியது. அந்த ஆட்டத்தையும் லேக்கர்ஸ் 133-130 என்று கோட்டைவிட்டது. அப்போது வெற்றி தோல்விக் கணக்கு 25-30. அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நேரமான டிரேட் டெட்லைனுக்கு இரண்டே நாள் பாக்கி: பிப்ரவரி 9, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணி. நம் ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

மே மாதத்தில் இதே அணி மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இடையில் நடந்ததைப் பெரும்பாலோர் “வெஸ்ட்புரூக்கைத் தள்ளிவிட்டார்கள், அணி தேறிவிட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் நோய் என்ன?

தோற்கும் அணியைக் கண்டதும் யாரை விற்கலாம் என்று ஆரம்பிப்பது ரசிகர்களின் உரிமை. மேலாளர் நாற்காலியில் இருப்பவர் அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அணி நிஜமாகவே இவ்வளவு மோசமா, அல்லது வெற்றி தோல்விக் கணக்கு மிகைப்படுத்துகிறதா? இதற்கு ஒரு ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளி வித்தியாசத்தைத்தான் எல்லா அணி அலுவலகங்களும் பார்க்கின்றன. தோராயமான கணக்கு இது: வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் 82 ஆட்டத்தில் 41 வெற்றிக்கு உரிய அணி, சராசரியில் ஒரு புள்ளி கூடினால் சீசனுக்கு இரண்டரை வெற்றிக்குச் சற்று மேல் கூடும். இரண்டு புள்ளி, மூன்று புள்ளியில் தோற்கும் ஆட்டங்கள் குவிந்த அணியும், இருபதில் அடிவாங்கும் அணியும் பட்டியலில் ஒரே இடத்தில் நிற்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

லேக்கர்ஸின் ஜனவரியைப் பாருங்கள். 12ஆம் தேதி டல்லாஸிடம் இரண்டாவது ஓவர்டைமில் 119-115. 15ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவிடம் 113-112. 28ஆம் தேதி பாஸ்டனில் ஓவர்டைமில் 125-121. அந்த பாஸ்டன் ஆட்டத்தின் கடைசி நொடியில் லெப்ரானின் கையில் விழுந்த அடியை நடுவர்கள் பார்க்கவில்லை. பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். லேக்கர்ஸின் பேட்ரிக் பெவர்லி ஒரு புகைப்படக்காரரின் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நடுவரிடம் ஆதாரம் காட்டி டெக்னிக்கல் ஃபவுல் வாங்கியதும் அன்றுதான். இதோடு டேவிஸின் காயத்தையும் சேர்க்க வேண்டும். டிசம்பர் 16 அன்று வலது பாதத்தில் அடிபட்டு, அடுத்த 20 ஆட்டங்கள் அவர் இல்லை. ஆக, உச்சியில் இருக்கும் இருவர் நலமாக இருந்தால் இது மூழ்கும் கப்பல் கிடையாது. கோளாறு அவர்களைச் சுற்றி இருந்தவர்களில்.

எங்கே என்பது சீசனின் முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 40 மூன்று புள்ளி வீச்சுகளில் 10 மட்டுமே விழுந்தன. வெளியிலிருந்து வீசத் தெரியாத அணிக்கு உள்ளே போகவும் வழி கிடைக்காது. வெஸ்ட்புரூக் பந்து இல்லாமல் மூலையில் நிற்கும்போது அவரைக் காக்க வேண்டிய ஆள் அவர் பக்கமே போவதில்லை. வளையத்துக்கு அடியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டேவிஸுக்கு இரண்டாவது காவலாகி, லெப்ரான் பாய்ந்து வரும் பாதையில் மூன்றாவது உடம்பாகவும் நிற்பார். அந்த சீசனில் லேக்கர்ஸுக்காக வெஸ்ட்புரூக்கின் மூன்று புள்ளி விகிதம் 30 சதவீதத்துக்கும் கீழே. பந்து கையில் இருந்தால் அவர் வேறு மனிதர். ஆட்டத்துக்கு 16 புள்ளி, ஏழுக்கு மேல் அசிஸ்ட். ஆனால் பந்து ஒன்றுதானே இருக்கிறது, அதை லெப்ரானும் கேட்கிறார்.

புதுப் பயிற்சியாளர் டார்வின் ஹாம் அவரை பெஞ்சுக்கு மாற்றியது சரியான வைத்தியம். லெப்ரான் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் ஆட்டத்தை நடத்த ஒரு ஆள் கிடைத்தார். இருந்தாலும் பெஞ்ச் ஆட்டக்காரருக்கு 47 மில்லியன் கொடுத்தால், அதே பணத்தில் வந்திருக்க வேண்டிய மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் அணியில் இல்லை என்று பொருள்.

இன்னொரு ஓட்டையை அவ்வளவாக யாரும் பேசவில்லை: உயரம். பெவர்லி, டென்னிஸ் ஷ்ரோடர், கென்ட்ரிக் நன் மூவருமே ஆறேகால் அடியை எட்டாதவர்கள். எதிரணியின் ஆறடி எட்டு அங்குல விங்கை, அதாவது பக்கவாட்டு ஆட்டக்காரரை, யார் பிடிப்பது? 38 வயது லெப்ரான். இந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 2021இல் வெஸ்ட்புரூக்கை வாங்க வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்ட கைல் குஸ்மாவும் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பும்தான் அவர்கள். 2020 சாம்பியன் அணியில் இருந்தவர்கள். அந்த டிரேடுக்குப் பிந்தைய முதல் சீசனில் 2022 பிப்ரவரி டெட்லைனில் லேக்கர்ஸ் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. 33-49 என்று முடிந்து, பிளே-ஆஃபுக்குள் நுழையும் தகுதிச் சுற்றான பிளே-இன்னைக் கூட எட்டவில்லை. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு.

பெட்டியில் என்ன இருந்தது?

கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அடுத்த வேலை. லெப்ரானை விற்பது பற்றி அப்போதும் சில குரல்கள் எழுந்தன. சட்டப்படியே முடியாது. அவர் 2022 ஆகஸ்ட் நடுவில் நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டார். அந்த அளவிலான நீட்டிப்பு என்றால் ஆறு மாதம் டிரேட் செய்யக் கூடாது. ஆறு மாதம் முடிவதற்குள் டெட்லைன் போய்விடும். இப்படிப்பட்ட பூட்டுகள் ஒவ்வொரு அணியிலும் இருக்கும். கோடையில் ஒப்பந்தமான பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை தொட முடியாது, சிலரை ஜனவரி 15 வரை. அதனால்தான் என்பிஏவின் டிரேட் சந்தை டிசம்பர் நடுவில்தான் கண் விழிக்கிறது.

அடுத்தது டிராஃப்ட் உரிமைகள்: ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு அணிக்கும் கிடைக்கும் ‘பிக்’ எனும் வாய்ப்புகள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 1980களில் கிளீவ்லாண்ட் அணியின் பிக்குகளை வாரி இறைத்த உரிமையாளர் டெட் ஸ்டெபியனின் பெயரில் அது வழங்குகிறது. 2019இல் டேவிஸை வாங்கியபோது லேக்கர்ஸ், நியூ ஆர்லியன்ஸுக்கு 2024 பிக்கைக் கொடுத்தது. விரும்பினால் அதை 2025க்குத் தள்ளிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. 2025 போகக்கூடும் என்பதால் 2026ஐ விற்க முடியாது. 2027ஐ விற்கலாம். விற்றால் 2028 பூட்டப்படும், அடுத்தது 2029. ஏழு ஆண்டுக்கு அப்பால் விற்கக் கூடாது என்பதால் அதோடு கடை மூடல். மொத்தம் இரண்டே பிக்.

2019 ஒப்பந்தத்தில் இன்னொரு முள்ளும் இருந்தது. 2023 டிராஃப்டில் இரு அணிகளின் பிக்குகளையும் பார்த்து, தனக்கு நல்லதை நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் எதிர்பார்த்த இளம் ஆட்டக்காரர் விக்டர் வெம்பன்யாமா வரவிருந்த டிராஃப்ட் அது. தோற்றுத் தோற்று அடியில் போய் நல்ல பிக்கைப் பிடிப்போம் என்பது மற்ற அணிகளுக்குக் கிடைத்த வழி. லேக்கர்ஸ் அடியில் போனால் லாபம் நியூ ஆர்லியன்ஸுக்கு. ஆகவே விற்பவராக மாறும் கதவும் சாத்தப்பட்டிருந்தது. பொது மேலாளர் ராப் பெலின்கா முன்னால் இருந்த கேள்வி, இருக்கும் இரண்டு பிக்கில் எத்தனையை, எதற்காகக் கொடுப்பது என்பது மட்டுமே.

சீசனுக்கு முன்பிருந்தே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: வெஸ்ட்புரூக்கும் இரண்டு பிக்கும் கொடுத்தால் இந்தியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரும் பட்டி ஹீல்டும். லேக்கர்ஸ் அதைச் செய்யவில்லை. ஜனவரி கடைசியில் டர்னர் இந்தியானாவிலேயே நீட்டிப்புப் போட்டுக்கொண்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. காத்திருந்ததால் விலை இரண்டு பிக்கிலிருந்து ஒன்றாக இறங்கியது உண்மை. காத்திருந்த மாதங்களில் சேர்ந்த தோல்விகளும் உண்மை. என் கணக்கில் காத்திருந்தது சரிதான். ஆனால் மிக நெருக்கமான சரி.

மூன்றாவது சொத்துதான் விசித்திரமானது: வெஸ்ட்புரூக்கின் சம்பளமே. அது அந்தக் கோடையோடு காலாவதியாகும் ஒப்பந்தம். ஏன் அப்படியே முடியவிட்டு, கோடையில் இடம் கிடைத்ததும் புதியவர்களை வாங்கக் கூடாது என்று கேட்கலாம். அடுத்த சீசனில் லெப்ரானும் டேவிஸும் சேர்ந்தே 88 மில்லியன். வரம்பு 136 மில்லியன் என்று வந்தது. ரோஸ்டரின், அதாவது அணிப் பட்டியலின், மற்ற இடங்களுக்கான தொகையையும் கழித்தால், ஒரு நல்ல ஆட்டக்காரரை வாங்கும் அளவுக்குத்தான் மிஞ்சும். டெட்லைனுக்கு முன் மாற்றினால் அதே 47 மில்லியன், மூன்று நான்கு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமாகவும், கோடையில் வரம்பைத் தாண்டி அவர்களை மறுபடி ஒப்பந்தம் செய்யும் உரிமையாகவும் மாறும். வரம்புக்கு மேலே இருக்கும் அணிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப் பெரிய வழி கிடையாது. கையில் இருப்பவருக்குச் சம்பளம் கூட்டித் தக்கவைத்துக்கொள்ள வழி உண்டு. பெரிய நோட்டைச் செல்லாக்காசாகும் முன் சில்லறை மாற்றிக்கொள்வது போன்ற வேலை இது.

எண்களைப் பொருத்துவது

அப்போதைய விதிப்படி, சம்பள வரம்பை வெகுவாகத் தாண்டியதற்காக லக்சுரி டாக்ஸ் என்ற வரி கட்டும் அணி டிரேடில் தான் அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் கூடவே ஒரு லட்சம் டாலரும் வரை திரும்ப வாங்கலாம். லேக்கர்ஸின் முதல் அடி ஜனவரி 23 அன்று விழுந்தது: நன்னையும் மூன்று இரண்டாம் சுற்று பிக்குகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து ரூயி ஹச்சிமுரா. நன்னின் சம்பளம் 5.25 மில்லியன். அதில் 125 சதவீதம் 6.56, ஒரு லட்சம் சேர்த்தால் 6.66 மில்லியன். ஹச்சிமுராவின் சம்பளம் 6.26. பொருந்திவிட்டது. ஆறடி இரண்டு அங்குல கார்டு போய் ஆறடி எட்டு அங்குல ஃபார்வர்டு வந்தார். முதல் சுற்று பிக் எதையும் தொடவில்லை. அந்தப் பருவத்தில் நடந்த எல்லாப் பேரங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இப்படி வாங்கியவரின் சம்பளத்தை அடுத்த இரண்டு மாதத்துக்கு வேறொருவர் சம்பளத்தோடு கூட்டி இன்னொரு டிரேடுக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் டெட்லைனுக்கு இரண்டு வாரம் முன்பு ஒருவரை வாங்குவது என்பது அவரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்ற முடிவும்கூட. வரிசை மாறினால் கதவுகள் மூடிக்கொள்ளும்.

குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள் இந்தக் கணக்கில் ஏறக்குறைய பயனற்றவர்கள். பத்துப் பேர் குறைந்தபட்சத்தில் இருக்கும் அணி, ஒரு 10 மில்லியன் ஆட்டக்காரரை வாங்க ஐந்து பேரை அனுப்ப வேண்டும். வாங்கும் அணிக்கு ஐந்து பேரை வைக்க இடமிருக்காது. ரோஸ்டர் 15 பேரோடு முடிகிறது. மேலே மூன்று மலை, கீழே சமவெளி, நடுவில் ஒன்றுமில்லை என்ற சம்பளப் பட்டியல் தேக்கநிலையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். பெவர்லியின் 13 மில்லியனும் லானி வாக்கரின் 6.5 மில்லியனும் தவிர நடுத்தரம் என்று லேக்கர்ஸிடம் எதுவும் இல்லை.

பெரிய டிரேட் பிப்ரவரி 8 இரவு வெளியே வந்து மறுநாள் முடிந்தது. மூன்று அணிகள். யூட்டாவுக்கு வெஸ்ட்புரூக், ஹுவான் டோஸ்கானோ-ஆன்டர்சன், டேமியன் ஜோன்ஸ், லேக்கர்ஸின் 2027 முதல் சுற்று பிக். லேக்கர்ஸுக்கு மினசோட்டாவிலிருந்து டி’ஆஞ்செலோ ரஸ்ஸல், யூட்டாவிலிருந்து மாலிக் பீஸ்லியும் ஜாரட் வாண்டர்பில்ட்டும். மினசோட்டாவுக்கு மைக் கான்லி, நிக்கீல் அலெக்ஸாண்டர்-வாக்கர், சில இரண்டாம் சுற்று பிக்குகள்.

ரஸ்ஸல் 31.4, பீஸ்லி 15.6, வாண்டர்பில்ட் 4.4. மொத்தம் 51.3 மில்லியன். வெஸ்ட்புரூக்கின் சம்பளம் ஒன்றே போதும். 125 சதவீதக் கணக்கில் அது கிட்டத்தட்ட 59 மில்லியன் வரை இழுக்கும். பிறகு ஏன் டோஸ்கானோ-ஆன்டர்சனும் ஜோன்ஸும்? மூன்று பேர் உள்ளே வரவேண்டுமென்றால் மூன்று பேர் வெளியே போக வேண்டும். இருவரையும் காசு கொடுத்து விடுவித்தால் அவர்கள் சம்பளம் வரியோடு சேர்ந்து லேக்கர்ஸ் தலையிலேயே நிற்கும். அன்றைய விதிப்படி லக்சுரி டாக்ஸ் எல்லையைத் தாண்டிய முதல் 5 மில்லியனுக்கே டாலருக்கு ஒன்றரை டாலர் வரி, மேலே போகப் போக விகிதம் ஏறும். பெயரற்ற இணைப்பாகச் செய்தியில் வரும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான் அங்கே இருப்பார்கள்.

2027 பிக்குக்கும் ஒரு காப்பு வைத்தார்கள்: அது முதல் நான்கு இடங்களுக்குள் விழுந்தால் லேக்கர்ஸிடமே நிற்கும். சிறிய வரிதான். ஆனால் 2027இல் லெப்ரானுக்கு 42 வயது. அணி எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாத ஆண்டின் பிக்கைக் காப்பில்லாமல் கொடுப்பவர், தனக்குப் பின் வரும் மேலாளரின் பணத்தில் விருந்து வைக்கிறார்.

அதே டெட்லைன் நாளில் இன்னும் இரண்டு சின்ன வேலை. டாமஸ் பிரையன்ட் டென்வருக்கு. பெவர்லி ஆர்லாண்டோவுக்கு, பதிலுக்கு உயரமான சென்டர் மோ பாம்பா. பிரையன்ட் அங்கே போய் அதே ஆண்டு சாம்பியன் மோதிரம் வாங்கிக்கொண்டார். ஆர்லாண்டோவிலிருந்து விடுவிக்கப்பட்ட பெவர்லி சிகாகோவுக்குப் போய், மார்ச்சில் லேக்கர்ஸை அதன் சொந்த அரங்கிலேயே தோற்கடித்து, லெப்ரானைப் பார்த்து “குட்டைப் பையன்” என்று சைகை காட்டினார்.

எதிர்த்தரப்பு ஏன் ஒத்துக்கொண்டது

யூட்டா அப்போது பட்டியலில் லேக்கர்ஸுக்கு மேலே இருந்தது. மேலே இருந்தவர் விற்கிறார், கீழே இருந்தவர் வாங்குகிறார். யூட்டாவின் நிர்வாகத் தலைவர் டேனி ஐஞ்சுக்கு அந்த ஆண்டு வெற்றி ஒரு பொருட்டில்லை. டொனோவன் மிட்செலையும் ரூடி கோபேரையும் விற்று பிக் சேர்க்கும் காலம் அது. மினசோட்டாவின் கணக்கு நுட்பமானது. கோபேருக்கு விலையாக எக்கச்சக்கமான பிக்குகளைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ரஸ்ஸலால் அவருக்குச் சரியான இடத்தில் பந்து கொடுக்க முடியவில்லை. கான்லி யூட்டாவில் கோபேரோடு ஆண்டுக்கணக்கில் ஆடியவர். அடுத்த ஆண்டு மினசோட்டா மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனபோது கான்லி தொடக்க கார்டு, அலெக்ஸாண்டர்-வாக்கர் பெஞ்சின் முக்கியக் காவலர். மூன்று அணிகளில் நீண்ட நாள் லாபம் யாருக்கு என்று கேட்டால் நான் மினசோட்டாவைத்தான் சொல்வேன்.

பேரம் முடிந்தபின் கெடுவது

ஒப்புக்கொண்டு கைகுலுக்கிய பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. எல்லா அணிகளும் லீக் அலுவலகத்தோடு ஒரே அழைப்பில் இணைந்து, யார், எந்த பிக், என்ன காப்பு என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். அதன் பிறகு உடற்பரிசோதனை. அதே 2023 டெட்லைனில் போர்ட்லாண்டிலிருந்து கேரி பேட்டன் II-ஐத் திரும்ப வாங்கிய கோல்டன் ஸ்டேட்டின் மருத்துவர்கள் அவர் அடிவயிற்றுத் தசைக் காயத்தைக் கண்டு அவரைத் தேர்ச்சியாக்கவில்லை. நான்கு அணிகள் பின்னிய டிரேட் அது. ஜேம்ஸ் வைஸ்மேன் டெட்ராய்ட்டுக்கு, சாடிக் பே அட்லாண்டாவுக்கு. ஒரு நூலை இழுத்தால் எல்லாம் அவிழும். டெட்லைன் முடிந்துவிட்டதால் மாற்று வழி தேடவும் முடியாது. கடைசியில் காயத்தோடே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாண்டு கழித்து லேக்கர்ஸுக்கே இது நடந்தது: 2025 பிப்ரவரியில் ஷார்லட்டிலிருந்து வாங்கிய சென்டர் மார்க் வில்லியம்ஸ் பரிசோதனையில் தேறாததால் டிரேடை ரத்து செய்தார்கள். டெட்லைன் தாண்டிவிட்டது, வேறு சென்டரை டிரேடில் வாங்க வழியில்லாமல் போயிற்று. கடைசி மணி நேரப் பேரத்துக்கு விலை குறையலாம், ஆனால் இந்த ஆபத்து முழுவதும் வாங்குபவர் பக்கம்.

களத்தில்

பிப்ரவரி 9 அன்று மில்வாக்கியிடமும் தோற்று 25-31. மிச்சம் 26 ஆட்டம். சீசன் நடுவில் பயிற்சிக்கு நேரம் கிடையாது. ஆல்-ஸ்டார் இடைவேளை மட்டுமே கொஞ்சம் மூச்சு. அதனால் டெட்லைனில் வாங்கும்போது, சிக்கலான அமைப்பில் பழக வேண்டிய ஆளைவிட ஒரே ஒரு வேலையைத் தெளிவாகச் செய்யும் ஆள் விரைவில் பலன் தருவார். வாண்டர்பில்ட்டின் வேலை: எதிரணியின் முதல் ஆட்டக்காரரைப் பிடி, ரீபவுண்டுக்கு ஓடு. பிப்ரவரி 26 அன்று டல்லாஸில் லேக்கர்ஸ் 27 புள்ளி பின்தங்கியிருந்தது. வாண்டர்பில்ட் லூக்கா டான்சிச்சை விடாமல் ஒட்டிக்கொண்டார். 15 புள்ளி, 17 ரீபவுண்ட். 111-108 என்று லேக்கர்ஸ் வென்றது. அதே ஆட்டத்தில்தான் லெப்ரானின் பாதத்தில் அடிபட்டது. அடுத்த 13 ஆட்டம் அவர் இல்லை. ஜனவரியில் இது நடந்திருந்தால் சீசன் முடிந்திருக்கும். மார்ச்சில் நடுத்தரம் கெட்டியாக இருந்ததால் அணி நின்றது. கடைசி 26இல் 18 வெற்றி. 43-39, ஏழாம் இடம்.

அன்று தோற்ற டல்லாஸ் இதற்கு நேர் எதிர்ப் பாடம். டெட்லைனுக்குச் சில நாள் முன் அவர்கள் கைரி இர்விங்கை வாங்கினார்கள். கொடுத்தது டோரியன் ஃபின்னி-ஸ்மித், ஸ்பென்சர் டின்விடி, 2029 முதல் சுற்று பிக். பெயரளவில் டல்லாஸ் பெரிய மீனைப் பிடித்தது. ஆனால் அவர்களுக்குப் புள்ளி எடுப்பதில் பிரச்சினையே இருந்ததில்லை, தடுப்பதில்தான் பிரச்சினை. இருந்த நல்ல விங் காவலரையும் அனுப்பிவிட்டார்கள். முந்தைய ஆண்டு மேற்குப் பிரிவு இறுதி ஆடிய அணி 38-44 என்று முடிந்து பிளே-இன்னைக் கூடத் தவறவிட்டது. கடைசியில் வேண்டுமென்றே ஆட்களை உட்காரவைத்ததற்கு 750,000 டாலர் அபராதம் வேறு. அடுத்த ஆண்டு அதே டல்லாஸ் டெட்லைனில் பி.ஜே. வாஷிங்டன், டேனியல் காஃபோர்டு என்ற இரண்டு சாதாரணப் பெயர்களை வாங்கியது. ஒருவர் உயரமான விங், இன்னொருவர் வளையத்துக்கு மேலே பந்தைப் பிடித்து அடிக்கும் சென்டர். 2024 இறுதிச் சுற்றுக்கே போனார்கள். இர்விங் தவறான ஆள் இல்லை. அவரை வாங்கிய நாளில் அணிக்கு இருந்த நோய் வேறு.

லேக்கர்ஸின் பிளே-இன் எதிரி, வேடிக்கை பாருங்கள், மினசோட்டா. ஷ்ரோடரின் மூன்று புள்ளி 1.4 நொடி இருக்கும்போது விழுந்து லேக்கர்ஸ் முன்னிலை. 0.1 நொடி இருக்கும்போது டேவிஸ் ஃபவுல் செய்த ஆள் கான்லி. மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டு ஓவர்டைமுக்கு இழுத்தார். 108-102 என்று லேக்கர்ஸ் தப்பியது. மெம்ஃபிஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹச்சிமுரா பெஞ்சிலிருந்து வந்து 29 புள்ளி. ஆறாவது ஆட்டத்தில் ரஸ்ஸல் 31. அடுத்து கோல்டன் ஸ்டேட்டும் 4-2 என்று வெளியேறியது.

டென்வர் நான்கு ஆட்டத்திலும் வென்றது: 132-126, 108-103, 119-108, 113-111. டெட்லைனில் வாங்கியவர்களின் எல்லை அங்கே தெரிந்தது. ரஸ்ஸல் அந்தத் தொடரில் சராசரியாக ஆறு சொச்சம் புள்ளி. நான்காவது ஆட்டத்தில் தொடக்க ஐவரில் அவர் இல்லை. வாண்டர்பில்ட்டை வெளியே யாரும் காக்கவில்லை, வெஸ்ட்புரூக்குக்குச் செய்த அதே வித்தைதான். அவர் நிமிடங்கள் சுருங்கின. யூட்டாவில் ஆட்டத்துக்கு எட்டுக்கு மேல் மூன்று புள்ளி வீசிய பீஸ்லி, பிளே-ஆஃபில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்தார். சீசன் ஆட்டத்தில் ஒரே ஒரு திறமை போதும். ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை போகும் தொடரில், இல்லாத திறமையைத் தேடிப்பிடித்துக் குத்துவார்கள்.

ஆனாலும் சில்லறை கையில் இருந்தது. அந்தக் கோடையில் ஹச்சிமுராவுக்கு மூன்றாண்டு 51 மில்லியன், ரஸ்ஸலுக்கு இரண்டாண்டு 36 மில்லியன், பிறகு வாண்டர்பில்ட்டுக்கு நான்காண்டு 48 மில்லியன் நீட்டிப்பு. நடுவில் காலியாக இருந்த சம்பளப் பட்டியலுக்கு முதுகெலும்பு வந்தது. அடுத்து வரும் எந்த டிரேடுக்கும் பொருத்திக் கொடுக்க எண்கள் கிடைத்தன.

இதே வழியை இன்று இன்னொரு அணி பின்பற்ற நினைத்தால் விதி குறுக்கே நிற்கும். 2023 கோடையில் வந்த லீக்கின் புதிய ஒப்பந்தம், லக்சுரி டாக்ஸுக்கு மேலே ஏற்கெனவே இருந்த ஏப்ரன் என்ற கோட்டை இரண்டாக்கியது. முதல் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாவது கோட்டுக்கு மேலே போனால் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கவே முடியாது. 2022-23இல் லேக்கர்ஸின் சம்பளப் பட்டியல் அன்றைய ஏப்ரன் கோடான 156.98 மில்லியனைத் தாண்டித்தான் இருந்தது. 5.25 மில்லியன் நன்னைக் கொடுத்து 6.26 மில்லியன் ஹச்சிமுராவை வாங்கிய அந்த அழகான சின்னப் பேரத்தை, இன்றைய விதியில் லீக் அலுவலகம் அழைப்பிலேயே நிராகரித்திருக்கும்.